புளியங்கொட்டையில் ஓர் ஆஸ்பத்திரி

(குத்துக்கல்வலசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு பல்லாங்குழி இருக்கிறது. பக்கத்தில் சுளகு நிறையப் புளியங்கொட்டை, ஒரு பகடை. உள்ளே வரும்போது ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியப் பத்திப் பேசப்போறீயன்னு சொன்னாவ, இது என்னய்யா வெளையாட்டுச் சாமான்?" என்று கேட்டார். இன்று நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குச் சர்க்கரை கூடிக் காலில் புண் வந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. எங்கே போயிருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். நான் ஆலைகளில் வேலை பார்த்தவன். ஒரு பொருள் எந்த மேசையில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று குறித்துக் குறித்தே பழகிய கை. அன்றும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டை எடுத்துக் குறித்தேன்.

7.40க்குச் சீட்டு வரிசையில் நின்றோம். 8.25க்குச் சீட்டு கைக்கு வந்தது. 9.50க்கு டாக்டர் பார்த்தார், நான்கு நிமிடம். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 10.35க்கு ரத்தம் எடுத்தார்கள், இரண்டு நிமிடம். 12.05க்கு ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டர் வாசலில், வரிசையின் கடைசியில். 12.40க்கு டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், பத்து நிமிடம். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது 1.20.

மொத்தம் 340 நிமிடம். அதில் யாரோ ஒருவர் என் தாயாருக்காக ஏதாவது செய்துகொண்டிருந்த நேரம், சீட்டுப் போட்ட ஒரு நிமிடத்தையும் மருந்து கொடுத்த ஒரு நிமிடத்தையும் சேர்த்து, 21 நிமிடம். மீதி 319 நிமிடம் அவர் நின்றார், அல்லது உட்கார்ந்தார், அல்லது "நம்பரைக் கூப்பிட்டாங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அன்று அந்த ஆஸ்பத்திரியில் சும்மா இருந்த ஆள் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. சீட்டுப் போடுகிறவர் தலை நிமிரவில்லை. டாக்டர் ஒருவாய்த் தண்ணீர் குடித்துப் பார்க்கவில்லை. நர்ஸம்மா ஓடிக்கொண்டே இருந்தார். எல்லோரும் இடைவிடாமல் வேலை செய்தும் நோயாளி ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார் என்றால், கோளாறு ஆட்களிடம் இல்லை. வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அந்த வழி யாருடைய மேசையிலும் இல்லாததால், அதற்கு யாரும் பொறுப்பாளியும் இல்லை.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே நிற்பது, நகர்வது இரண்டும் இருப்பதாக எனக்குத் தோன்றும். குத்துக்கல் என்றால் நட்டுவைத்த இடத்தில் நிற்பது. வலசை என்றால் இடம்விட்டு இடம் போவது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வலசை போக வேண்டியவர். நாம் அவரைக் குத்துக்கல்லாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

காத்திருக்கும் நேரத்துக்கு விலை இல்லையா? நம் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிற ஒருவருக்கு ஒரு நாள் ஓ.பி. என்றால் ஒரு நாள் பீடி போச்சு. ஆயிரம் சுற்றினால் இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் கூலியில், வரிசையில் நின்ற நேரத்துக்குக் கணக்கே கிடையாது. அதனால்தான் பலர் இரண்டாவது தடவை வருவதில்லை. புண் முற்றிய பிறகு வருகிறார்கள். அப்போது இங்கே முடியாது என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாகிறது. காத்திருப்பு என்பதை வசதிக்குறைவாக மட்டும் நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான். அது நோயின் ஒரு பகுதி.

சரி, இதைத் திருத்துவது எப்படி? வழக்கமாக நடப்பது என்ன? ஒரு பெரியவர் பார்வையிட வருவார். கூட்டத்தைப் பார்ப்பார். "இன்னொரு கவுண்டர் திறங்கள்" என்பார். திறப்பார்கள். சீட்டு சீக்கிரம் கிடைக்கும். சீட்டு வரிசையில் நின்ற கூட்டம் அப்படியே டாக்டர் வாசலுக்கு நகர்ந்துவிடும். தென்காசிக் கோயில் தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும்: நேர்வீதியில் தேரை எவ்வளவு வேகமாக இழுத்தாலும், நிலைக்கு வரும் நேரத்தை முடிவு செய்வது நான்கு மூலைத் திருப்பங்கள்தான். திருப்பம் எங்கே என்று தெரியாமல் நேர்வீதியில் இன்னும் நூறு பேரைக் கயிற்றில் பிடிக்கச் சொல்லிப் பயன் இல்லை.

முதலில் வழியை வரைய வேண்டும். ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை எங்கெங்கே போகிறார், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம், யார் தீர்மானிக்கிறார், எந்தக் காகிதம் யாரிடம் போகிறது. இதைத்தான் செயல்முறை மாதிரி என்கிறோம். வரைந்ததை வைத்து, "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று நோயாளி மேல் கைவைக்காமல் நடத்திப் பார்ப்பது சிமுலேஷன். புத்தகத் தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. நான் ஒத்திகை என்பேன். கொடை விழா நாடகத்துக்குக்கூட ஒத்திகை பார்க்காமல் நாம் மேடை ஏறுவதில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் ஒவ்வொரு மாற்றத்தையும் நேராக நோயாளியிடம்தான் பரீட்சித்துப் பார்க்கிறோம்.

இப்போது பல்லாங்குழிக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகள் மேலே வாருங்கள், அம்மா. இந்த முதல் குழி டாக்டர் வாசல். அடுத்த குழி, பார்த்து முடித்தவர்கள். ஒரு சுற்று என்றால் பத்து நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் நீ பகடையை உருட்டு. எத்தனை விழுகிறதோ அத்தனை நோயாளிகள் வந்தார்கள், அத்தனை கொட்டை குழியில் போடு. பிறகு நீ உருட்டு. அத்தனை பேரை டாக்டர் பார்த்தார், அத்தனையை எடுத்து அடுத்த குழியில் போடு. பகடையின் சராசரி மூன்றரை. வருகிறவர்களும் சராசரி மூன்றரை, பார்த்து அனுப்புகிறவர்களும் சராசரி மூன்றரை. கணக்குப்படி வாசலில் யாரும் தேங்கக்கூடாது, இல்லையா?

(இருபது சுற்றுகள் மேடையில் உருட்டப்பட்டன. முடிவில் டாக்டர் வாசல் குழியில் 11 கொட்டைகள் இருந்தன.)

பாருங்கள், பதினொரு பேர் நிற்கிறார்கள். ஏன்? மூன்றாவது சுற்றில் டாக்டருக்கு ஆறு விழுந்தது, வாசலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மீதி நான்கு பேரைப் பார்க்கும் நேரம் வீணாயிற்று. எட்டரை மணிக்குச் சும்மா இருந்த அந்த நேரத்தை எடுத்துவைத்துப் பதினொன்றரைக்குச் செலவழிக்க முடியாது. ஆனால் தேங்கிய கூட்டம் மட்டும் தேங்கியபடியே இருக்கும். சராசரியை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மறுபடி ஒருமுறை. இப்போது வருகிறவர்களுக்குப் பகடை வேண்டாம். ஒரு சுற்றுக்கு மூன்று, அடுத்த சுற்றுக்கு நான்கு என்று ஒழுங்காகப் போடு. டாக்டருக்கு மட்டும் பகடை.

(இம்முறை இருபது சுற்றுகளின் முடிவில் 5 கொட்டைகள்.)

டாக்டர் அதேதான், நோயாளிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். வருகையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்தோம். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது: இது ஒரு தடவை உருட்டிய பகடை. நாளைக்கு உருட்டினால் இரண்டாவது ஆட்டத்தில் 9 வரலாம், முதல் ஆட்டத்தில் 4 வரலாம். ஒரே ஒரு ஒத்திகையை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கம்ப்யூட்டர் நமக்கு உதவுவது இங்கேதான். அது இதே ஆட்டத்தைச் சில நொடிகளில் பத்தாயிரம் தடவை ஆடிவிடும். பத்தாயிரத்தில் எத்தனை நாள் கூட்டம் தாங்கமுடியாமல் போகிறது என்று சொல்லும். அது செய்வதெல்லாம் இந்தப் பிள்ளைகள் செய்ததைத்தான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909-இல் எழுதியதில் வரிசைக் கணிதம் பிறந்தது. 1952-இல் இங்கிலாந்தில் நார்மன் பெய்லி அதை வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை ஒன்றாக வரச் சொல்லுங்கள், மற்றவர்களை டாக்டர் ஒருவரைப் பார்க்கும் சராசரி இடைவெளியில் வரச் சொல்லுங்கள் என்பது அவர் சொன்ன வழி. 1965-இல் அமெரிக்காவில் ஃபெட்டர், தாம்சன் என்ற இருவர் பிரசவப் பிரிவு, அறுவை அரங்கு, வெளிநோயாளர் பிரிவு ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்து எழுதினார்கள்.

பெய்லி சொன்னதை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினால் நடக்காது. நம் ஓ.பி.க்கு மக்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. பஸ் பார்த்து வருகிறார்கள். கடையநல்லூர் பஸ்ஸும் சுரண்டை பஸ்ஸும் ஆலங்குளம் பஸ்ஸும் அடுத்தடுத்து நிற்கும்போது ஐம்பது பேர் ஒன்றாக இறங்குகிறார்கள். திங்கட்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். குற்றாலத்தில் சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான்: அருவியில் தண்ணீர் ஒரே சீராக விழும், கூட்டம்தான் அலை அலையாக வந்து மோதும். ஆகவே நம் ஊர் மாதிரியை வரைகிறவர் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கக்கூடாது, பஸ் ஸ்டாண்டில் தொடங்க வேண்டும்.

இன்னும் ஒரு கணக்கு. இதை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சராசரி மூன்று நிமிடம் என்று வையுங்கள். வருகையும் பார்க்கும் நேரமும் முன்பின்னாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறும் ஓர் இடத்தில், டாக்டருடைய நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு வேலை இருந்தால் நோயாளி சராசரியாகக் காத்திருப்பது 12 நிமிடம். 90 பங்கு வேலை என்றால் 27 நிமிடம். 95 பங்கு என்றால் 57 நிமிடம். வேலை கூடியது 15 பங்கு. காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. "டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்கிற நிர்வாகி, தனக்குத் தெரியாமலே ஐம்பது பேரின் காலை நேரத்தைப் பறிக்கிறார்.

அப்படியானால் மருத்துவரின் கை ஓயாமலே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நம் மண்ணில் இந்த விஷயத்தில் நான் மிக மதிக்கும் உதாரணம் அதுதான். டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகி, தம் கையால் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார்.

அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்துத் தயார் செய்துவிடுகிறார்கள். ஒன்று முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அடுத்த பக்கம் திரும்பிக்கொள்கிறார். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, மருந்து ஊற்றுவது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்கள் செய்கிறார்கள். மருத்துவர், மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்கிறார். ஒருவரே மணிக்கு ஆறு, ஏழு கண்புரை அறுவை செய்ய முடிவது இதனால்தான்.

இதில் இரண்டு சூட்சுமம் உண்டு. முதலாவது, எங்கே சும்மா இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று பிரித்த விதம். மேசை சும்மா கிடக்கலாம், மேசைக்குச் செலவு குறைவு. அறுவை செய்யும் கை காத்திருக்கக்கூடாது, அதுதான் அரிது. இரண்டாவது, கண்புரை அறுவை ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுக்கும் வேலை. யார் வருகிறார் என்று முதல்நாளே தெரியும். பகடையின் ஆட்டம் அங்கே குறைவு. ஆட்டம் குறைந்த இடத்தில் வேலையை நெருக்கி அடுக்கலாம்.

விபத்துப் பிரிவில் அது ஆகாது. புளியரைப் பாதையில் எந்த இரவில் எந்த லாரி கவிழும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே கட்டிலும் ஆளும் கொஞ்சம் காலியாகவே இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நிலையத்தில் நிற்பதைப் பார்த்து "சும்மா நிற்கிறதே" என்று யாராவது குறை சொல்வார்களா? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. ஒரே வரிசை எல்லோருக்கும் நியாயம் ஆகாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அரவிந்தைப் பார்த்துவிட்டு வந்து எல்லாப் பிரிவையும் அதேபோல் ஓட்டச் சொல்கிறவர்கள் அரவிந்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அரவிந்திடம் நான் கற்ற இன்னொரு பாடம் இதைவிடப் பெரியது. கண் முகாம் நடக்கும் கிராமங்களில், கண்ணில் கோளாறு உள்ளவர்கள் எத்தனை பேர் உண்மையில் முகாமுக்கு வருகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 1999-இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர்தான். முகாமுக்குள் எவ்வளவு அழகாக வரிசை ஓடினாலும் 93 பேர் அந்த வரிசையிலேயே இல்லை! அதன் பிறகுதான் கிராமத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமான பார்வை மையங்கள் வந்தன. அங்கிருக்கும் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்ப, ஆஸ்பத்திரியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்து நோயாளியோடு பேசுகிறார். உங்கள் மாதிரியில் வாசலுக்குள் வந்தவர்கள் மட்டும் இருந்தால் அது பாதி மாதிரிகூட இல்லை. வராதவருக்கும் ஒரு குழி வேண்டும்.

இனி, மாதிரியை யாரோடு உட்கார்ந்து வரைவது என்பது. இதில் நான் சூடுபட்டவன். ஓர் ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட் தாமதமாகிறது என்று இன்னொரு பரிசோதனை இயந்திரம் கேட்டிருந்தார்கள். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அதிகாரிகளோடு அறையில் உட்கார்ந்து வழியை வரைந்தேன். ரத்தம் எடுக்கும் இடம், லேப், ரிப்போர்ட். சுத்தமான படம். ஒத்திகை பார்த்தால் ரிப்போர்ட் அரை மணியில் வந்துவிடுகிறது! நடைமுறையில் ஒன்றரை மணி. என் கணக்கில் எங்கோ ஒரு மணி நேரம் காணாமல் போயிருந்தது. இரண்டு நாள் கணக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே போய் நின்றேன். ஜன்னல் திண்டில் ஒரு தட்டு. அதில் ரத்தக் குழாய்கள், சிவப்பு மூடியும் ஊதா மூடியுமாக. லேப் மாடியில். தட்டைக் கொண்டுபோகும் பணியாளர் அம்மாவிடம் கேட்டேன்.

"எப்போம்மா மேலே எடுத்துட்டுப் போவீங்க?"

"தட்டு நெறஞ்ச பெறவுதான சார் கொண்டுபோவோம். நாலுக்கும் அஞ்சுக்கும் ஏறி எறங்க முடியுமா? முட்டு வலிக்குல்லா."

முட்டு என்றால் முழங்கால். காணாமல்போன ஒரு மணி நேரம் அந்த ஜன்னல் திண்டில் இருந்தது. காலையில் முதலில் ரத்தம் கொடுத்தவரின் குழாய், நாற்பதாவது ஆள் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்தது. பிறகு நாற்பதும் ஒன்றாக லேப்பில் போய் விழ, லேப் திணறியது. இயந்திரம் போதாது என்று எல்லோருக்கும் தோன்றியதற்கு அதுதான் காரணம். பத்துப் பத்தாக எடுத்துப் போனால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்தோம். அந்த அம்மாவின் முழங்காலையும் கணக்கில் சேர்த்தோம். இரண்டு பேர் மாறி மாறி ஏறுவதாக ஏற்பாடு. புது இயந்திரம் வாங்க வேண்டிய தேவை வரவில்லை. அந்த அம்மாவை முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சம்.

கூட்டம் குறைய வேண்டும் என்றால் கட்டடம் பெரிதாக வேண்டும் என்ற நினைப்பும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, அவர் பெயராலேயே வழங்குகிறது. மணிக்கு 90 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரி மூன்று மணி நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்றால், எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் உள்ளே சராசரி 270 பேர் இருப்பார்கள். இருக்கும் நேரத்தை ஒன்றரை மணியாக்கினால் 135 பேர். ஒரு செங்கல் வைக்காமல் கூடம் இரண்டு மடங்காகிறது.

கடைசியாக என் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்ல. ரத்தத்தக் குடுத்துட்டு வந்தவள ஏன் மறுபடியும் கடைசியில நிக்கச் சொல்லுதாவ? நான் முந்தியே நின்னவதான?"

படித்த யாரும் கேட்காத கேள்வி. ரிப்போர்ட்டோடு திரும்பி வருகிறவரை என்ன செய்வது? கடைசியில் நிறுத்தினால் தூரத்து ஊர்க்காரர் பஸ்ஸை விடுகிறார். முன்னால் விட்டால், பதினொரு மணிக்கு ரிப்போர்ட் மொத்தமாக வரும்போது புதிதாக வந்தவர் நகரவே மாட்டார். புதியவர் இருவர், திரும்பி வந்தவர் ஒருவர் என்று மாற்றி மாற்றி விட்டால்? அல்லது காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு ஒரே தடவை டாக்டரைப் பார்க்கும்படி, சர்க்கரை நோயாளிகளுக்குத் தனி வழி வைத்தால்? நான் பல இரவுகள் இதை ஆடிப் பார்த்திருக்கிறேன். விடை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுகிறது: லேப் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எப்போது, எத்தனை பேருக்கு ரத்தம் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு எது விடை என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். நாளை காலையில் வீட்டில் ஒருவரை ஓ.பி.க்குக் கூட்டிப்போகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். வந்த நேரம், கூப்பிட்ட நேரம், முடிந்த நேரம். ஒவ்வொரு வாசலிலும் இந்த மூன்றையும் குறியுங்கள். யார் பெயரும் எழுத வேண்டாம், நேரம் மட்டும் போதும். முப்பது நோட்டுகள் சேர்ந்தால் நான் மறுபடி வருகிறேன். பல்லாங்குழியையும் கொட்டையையும் இங்கேயே விட்டுப்போகிறேன். பிள்ளைகளே, மூன்றாவது குழியை லேப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது, அந்த ஜன்னல் திண்டு.